சீட்டைத் தூக்கிய கதை

ஒரு சைக்கிள் சீட்டை மூன்று அங்குலம் உயர்த்தியதற்காக நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனிமேல் கேட்பதாகவும் இல்லை. அன்றைக்கு நான் விழுந்தது உண்மை. அதை முந்நூறு பேர் பார்த்ததும் உண்மை. (எங்கள் தெருவில் அவ்வளவு பேர் கிடையாது. பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள்.) ஆனால் சீட்டின் உயரம் சரி. அதில் பேச்சுக்கே இடமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலடிப்பேட்டையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் ஏழுமலைக்கு மணலியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு, விட்டுப்போன பொத்தான், கோணல் காலர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்காகவே உண்டாக்கிய வேலை என்று நினைத்துக்கொள்வேன். அங்கே போக வர என்னிடம் இருந்தது ஒரு லேடீஸ் சைக்கிள்.

சைக்கிளை வாங்கித் தந்தவர் என் கணவர். நல்ல மனிதர். (எழுத்தில் ‘அவர்’ என்கிறேன். வீட்டில் நீ, வா, போதான்.) அவர் ஐந்தடி மூன்று அங்குலம். நான் ஐந்தடி ஏழு அங்குலம். கல்யாண போட்டோவில் நாங்கள் இருவரும் சமமாகத் தெரிவோம். போட்டோக்காரர் அவர் காலடியில் ஒரு பலகையைப் போட்டு, என் புடவைக் கொசுவத்தை அதன்மேல் பரப்பிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சைக்கிள் கடையில் சீட்டின் மேல் முதலில் ஏறி உட்கார்ந்து உயரம் பார்த்தவர் அவர்.

“ரெண்டு காலும் தரைல படணும்மே. அப்பதான் சேப்டி” என்றார்.

பட வேண்டியது யாருடைய கால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த உயரத்தில் நான் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஹேண்டில்பாருக்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் அப்படியே குந்தி மிதித்துக்கொண்டு போனேன். ஆறே மாதத்தில் முட்டி வலி ஆரம்பித்தது. கம்பெனியில் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கணவர் அதைவிடச் சுலபமான வைத்தியம் சொன்னார்.

“முட்டி வலிக்குதுன்னா வேலைய வுட்ருமே.”

“வலிக்கிறது முட்டி. வேல இன்னா பண்ணுச்சு?” என்றேன்.

என் பிரச்சினை என்னவென்று கண்டுபிடித்தவள் ஷம்ஷாத். கம்பெனியில் எனக்குப் பக்கத்து டேபிள். தண்டையார்பேட்டையிலிருந்து அவளும் சைக்கிளில்தான் வருவாள். ஒருநாள் சாயங்காலம் எனக்குப் பின்னாலேயே வந்தவள், பாலத்துக்குக் கீழே என்னை நிறுத்தினாள்.

“தேவகி, பின்னாடி வந்துகினே பாத்தேன். அம்மிக் கல்லுல உக்காந்துகினு போற மாதிரி கீது. எறங்கு மொதல்ல.”

அவளுடைய அண்ணன் ராயபுரம் முழுவதும் சைக்கிளில் பிரெட் போடுகிறவர். அவர் சொல்லித் தந்த கணக்கை எனக்குச் சொன்னாள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். அதுதான் அவரவர் உயரம்.

“உனுக்கு கீழ இருக்கசொல்லோ கூட காலு மடிஞ்சிதான் கீது. முட்டி வலிக்காம இன்னா பண்ணும்? சீட்டத் தூக்கு.”

அளந்து பார்த்தோம். மூன்று அங்குலம் தூக்க வேண்டும். ஒரு வருடமாக விழுங்கிய மாத்திரைகளுக்குப் பதில் மூன்று அங்குலம். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்.

“மூணு இன்ச்சா? அப்பறம் நான் எப்டி ஏர்றது?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்க அவர் அந்தச் சைக்கிளில்தான் போவார்.

“நீ வாரத்துல ஒரு நாள் ஏர்ற. நான் ஆறு நாள் ஏர்றேன்.”

“தெருல பாக்கறவன் இன்னா சொல்வான்?”

“இன்னா சொல்வான்?”

அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். தெருவுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சீட்டு போய்ப் புதிதாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரக்கம் இரண்டு நாள் தாங்கியது.

அதற்குள் பொங்கல் நெருங்கிவிட்டது. எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்குத் தனசேகர் என்றொருவர் செயலாளர். மைக் செட்டும் அவருடையதே, ஆகவே தலைவருக்கு மேலே செல்வாக்கு. காணும் பொங்கலன்று நடக்கும் போட்டிகளை அவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆண்களுக்கு உறியடி, கயிறு இழுத்தல், ஸ்லோ சைக்கிள் ரேஸ். பெண்களுக்குக் கோலமும் மியூசிக்கல் சேரும்.

“பொம்பளைங்களுக்கு ஏன் ஸ்லோ சைக்கிள் இல்ல?” என்றேன்.

“யாரும் கேக்கலக்கா.”

“இப்ப நான் கேக்கறேன்.”

தனசேகர் நோட்டில் எழுதிக்கொண்டார். என் மானக்கேட்டுக்கு நானே முன்பதிவு செய்துகொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்லோ சைக்கிள் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். கடைசியில் வந்து சேர்கிறவர் ஜெயித்தவர். நடுவில் கால் தரையில் பட்டால் அவுட். இந்தக் கடைசி விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாப்பிடும்போது என் கணவரிடம் இரண்டு செய்தியையும் சேர்த்தே சொன்னேன். ரேஸில் பேர் கொடுத்திருக்கிறேன், சீட்டைத் தூக்கப் போகிறேன்.

“ஒயர சீட்டு வெச்சிகினு ஸ்லோ ரேசா? வுழுவ.”

“வுழுந்தா?”

“வுழுந்தா சீட்டு கீழ எறங்கணும். வேலையயும் வுட்ரணும்.”

“வுழலன்னா?”

“வுழலன்னா நீ சீட்ட மொட்டமாடி வரிக்கும் தூக்கிக்கோ. நான் கேக்கவே மாட்டேன்.”

“சரி” என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வயதில் யோசித்துவிட்டுச் சரி என்று சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை.

சீட்டைத் தாங்கும் குழாய் துருவேறி பிரேமோடு ஒட்டிப்போயிருந்தது. சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அவர் என் கணவரின் தோஸ்து. நான் ஸ்பேனர் கேட்டுப் போன செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே கம்பெனியில் ஒரு டெய்லரிடம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தேன். இரண்டு நாள் காலையும் மாலையும் அந்த இடுக்கில் ஊற்றினேன். சொட்டு சொட்டாக ஊற்றினால் போதும் என்றாராம் டெய்லர். எனக்குக் கேட்கவில்லை. முழு பாட்டிலையும் ஊற்றினேன்.

போகியன்று அவருக்குக் காலை ஷிப்ட். தெருவெல்லாம் பாய் எரிகிற புகை. அந்தப் புகையில் சைக்கிளைக் காலுக்கு இடையில் பிடித்து, சீட்டை இரண்டு கையாலும் இடமும் வலமும் திருகினேன். முதலில் அசையவில்லை. பிறகு முனகியது. பிறகு ஒரே இழுப்பில் சீட்டும் குழாயும் கையோடு வந்து, நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். குழாய் எண்ணெயில் குளித்துப் பளபளவென்றிருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று அங்குலத்துக்கு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டேன். குழாயைச் செருகினேன். சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதுவும் இத்தனை நாள் என்னைக் குத்திய குற்றவாளிதான். சீட்டின் மேல் ஒரு தட்டையும், தட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய டம்ளரையும் வைத்து, தண்ணீர் ஒரு பக்கமும் சாயாத வரை மூக்கை இறக்கினேன். பக்கத்து வீட்டில் வாங்கிய ஸ்பேனரால் எல்லா நட்டையும் முறுக்கினேன். ஒரு இன்ஜினீயர்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டார்.

ஏறி, கடற்கரைச் சாலையில் காசிமேடு வரைக்கும் ஓட்டினேன். அதைப் பற்றி நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். கால் முழுசாக நீண்டு நீண்டு மடங்கியது. முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் ஏற்றப் போகும் டெம்போக்காரனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன். அவன்தான் முதலில் ஒதுங்கினான். எனக்கு இவ்வளவு நீளமான கால் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. போகிப் புகை என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நெயில் பாலிஷ் கோட்டைக் காணவில்லை. சீட்டு ஒரு அங்குலம் கீழே போயிருந்தது. புதுச் செருப்பு காலுக்குப் படிவது போல, சீட்டு படிகிறது என்று முடிவுசெய்தேன். மறுபடி தூக்கி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்கினேன். அதோடு மறந்தும்விட்டேன்.

காணும் பொங்கலன்று சந்தில் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் பரிசு கொடுக்க வந்திருந்த மரக்கடை முதலாளி, கழுத்தில் மாலையும் கையில் காபி டம்ளருமாக உட்கார்ந்திருந்தார். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். போட்டியில் மூன்றே பேர். நான், காய்கறிக் கடை அமுதா, பத்தாவது படிக்கும் கவிதா. நான் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தேன். ஷம்ஷாத் தண்டையார்பேட்டையிலிருந்து இதற்காகவே வந்து முன்வரிசையில் நின்றாள். என் கணவர் எதிர்ப்பக்கத்தில், ஒரு வீட்டுப் படியின் மேல் ஏறிக் கைகட்டி நின்றார்.

விசில் ஊதினார்கள். அமுதா பத்தடி போவதற்குள் காலை ஊன்றிவிட்டாள். நானும் கவிதாவும் மட்டும். பிரேக்கைப் பாதி பிடித்து, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஒடித்து, நான் எறும்பைவிட மெதுவாகப் போனேன். உயரத்தில் உட்கார்ந்தால் பேலன்ஸ் எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று எனக்கே ஆச்சரியம். படியில் நின்றவரைப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரித்தேன்.

அப்போதுதான் அடியில் ‘கிர்ர்’ என்றது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கூட்டம்தான் வளர்கிறது என்று நினைத்தேன். இதுவரை நான் குனிந்து பார்த்த முகங்கள் எனக்கு நேராக வந்தன. பிறகு எல்லோருடைய தாடையும் தெரிந்தது. தனசேகர் மைக்கில் அதைத் தெருவுக்கே அறிவித்தார்.

“நம்ம ஏயுமல அண்ணன் சம்சாரம் தேவகியக்கா சூப்பரா வந்துகினு கீறாங்க. அக்கா... இன்னாக்கா, ஒயரம் கொறஞ்சிகினே போறீங்க?”

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. என்னால் இறங்க முடியாது. கால் பட்டால் அவுட். வேகமாகப் போக முடியாது. அது ஸ்லோ ரேஸ். ஆகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கப்பல் முழுகுவது போல மெதுவாக, முறையாக இறங்கினேன். பக்கத்துக் கோட்டில் கவிதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தள்ளாடித் தள்ளாடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் ஊன்றினாள். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். முடிகிற இடத்துக் கோட்டைத் தொட்டால் போதும்.

சீட்டு முழுதாக அடியில் போய் உட்கார்ந்தது. முட்டி இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பி ஹேண்டில்பாரை இடித்தன. ஹேண்டில் வலது பக்கம் திரும்பியது. சைக்கிள் சுண்ணாம்புக் கோட்டைவிட்டு வெளியே வந்து, மரக்கடை முதலாளியை நோக்கிப் போனது. பிரேக்கை முழுசாகப் பிடித்திருக்கலாம். பிடித்தால் கால் ஊன்ற வேண்டி வரும். பிடிக்கவில்லை. முன்சக்கரம் பெஞ்சுக் காலில் முட்டி மேலே எகிறியது. காபி முதலாளியின் வேட்டிக்குப் போனது. நான் சீட்டிலிருந்து வழுக்கி, கேரியர் வழியாகப் பின்னால் போய், தெருவில் உட்கார்ந்த வாக்கில் விழுந்து மல்லாந்தேன். சைக்கிள் என்மேல் சாய்ந்தது. கால் இரண்டும் பிரேமுக்குள் மாட்டி மேலே நின்றன.

தனசேகர் மைக்கோடு ஓடிவந்தார். “அக்கா, அடி பட்ச்சா?”

“அத வுடு. என் காலு பட்டுச்சா?”

“அக்கா, நீங்களே கீழதான் கீறீங்க.”

“நான் கீழ கீறேன். காலு மேல கீது. ரூல் இன்னா? காலு பட்டா அவுட். கால் படல. நான்தான் பட்டேன்.”

மைக் ஆனில் இருந்தது. நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் இது போனது. நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்தார். வேலை போயிற்று, சீட்டு போயிற்று, இனி ஆயுசு முழுக்க இந்த மனிதர் இதைச் சொல்லிக்காட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்திருக்கலாம் என்று காலை அசைத்தேன்.

“அப்டியே கெட. கால எறக்காத” என்றார்.

பிறகு தனசேகரிடம் திரும்பினார். “அவ கேக்கறதுல இன்னா தப்பு நைனா? நீதான ரூல் சொன்ன? கவிதா கால் வெச்சத நான் பாத்தேன். இவ கால் எங்க கீதுன்னு நீ பாரு.”

“அண்ணே, அக்கா கோட்ட வுட்டு வெளிய வந்துட்டாங்க.”

“கோட்டப் பத்தி மைக்ல சொன்னியா?”

ஐந்தடி மூன்று அங்குல மனிதர், தன்னைவிட ஒரு தலை உயரமான தனசேகரை அண்ணாந்து பார்த்துக் கால் மணி நேரம் வாதாடினார். சாட்சியம் கலைந்துவிடக் கூடாது என்று அத்தனை நேரமும் நான் கால் இரண்டையும் மேலே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தெரு முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு அவமானமாக இல்லை. அவரை அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் மன்றம் கூடிப் பேசி, பக்கக் கோட்டைவிட்டு வெளியே போனதால் நான் அவுட் என்று தீர்ப்புச் சொன்னது. கவிதா கால் ஊன்றியதை மன்றத்தில் யாரும் பார்க்கவில்லையாம், குடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

ஷம்ஷாத் என்னைத் தூக்கி நிறுத்தினாள். சுடிதாரின் பின்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை. அதைத் தொட்டு மோந்து பார்த்தாள்.

“மிஷின் எண்ணெயா?”

“ஆமா.”

“கொழாயத் தொடச்சிட்டுத்தான மாட்டுன?”

“தொடைக்கணுமா?”

அவள் பெஞ்சில் போய் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் என் கணவர் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார். “அப்ப பந்தயம்?”

“தீர்ப்பு தப்பு. நான் அப்பீல் பண்ணிக்கீறேன்.”

“யாருகிட்ட?”

“பாக்கலாம். அப்பீல் முடியற வரிக்கும் சீட்டு மேலதான். வேலயும் அப்டியேதான்.”

அவர் வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “வா, வந்து தூக்கு” என்றார். மண்ணெண்ணெய்த் துணியால் குழாயை மூன்று தடவை துடைத்தேன். தூக்கி முறுக்கினேன். அதற்குப் பிறகு அது ஒரு நூல்கூட இறங்கவில்லை. (பத்து நாளைக்கு என்னால் எதிலும் உட்கார முடியவில்லை. மூன்று அங்குலம் உயர்ந்த, தண்ணீர் மட்டம் பார்த்த, அருமையான சீட்டைக் கீழே வைத்துக்கொண்டு நின்றபடியே மிதித்தேன். அது வேறு விஷயம்.) மாசி பிறப்பதற்குள் முட்டி வலி போய்விட்டது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் வந்தார். கேட்டவர்களிடம் செயின் சரியில்லை என்றார். நான் காட்டிக்கொடுக்கவில்லை.

கால் படல என்று மைக்கில் நான் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. என் மகள் கணக்கில் மார்க் குறைந்து வந்தபோது அதைச் சொன்னாள். என் தம்பி லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடத் தெரியாமல் கம்பத்தில் மோதியபோது சொன்னான். யார் எதில் தோற்று வந்து மல்லுக்கு நின்றாலும், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்.

போன வருடம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் அவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கால்ல அடி பட்டுச்சா?” என்று கேட்டார்.

“கால் படல சார். நான்தான் பட்டேன்” என்றார் இவர்.

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். அவருக்கு இடுப்பு வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. தலையில் அடிபட்டிருக்குமோ என்று டாக்டர் பயந்துபோய் டார்ச்சை எடுத்தார். அதனால் நான் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு கால்தானே மொதல்ல பட்டுச்சு? அப்ப நீங்கதாம்மா ஜெயிச்சீங்க” என்றார்.

இத்தனை வருடத்தில் எனக்குச் சாதகமாக வந்த முதல் தீர்ப்பு. அதை அப்படியே மருந்துச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். வலி மாத்திரை மட்டும்தான் எழுதினார்.